திங்கட்கிழமைத் தப்புகள்

எங்கள் அலுவலகத்தில் திங்கட்கிழமை ஒன்பதரை மணிக்கு ஆளுக்கொரு தப்பைச் சொல்ல வேண்டும். கட்டடங்களுக்குத் தூண், பீம் எல்லாம் கணக்குப் போட்டு டிராயிங் தரும் நிறுவனம் இது. மொத்தம் பதினெட்டுப் பேர். போன வருஷம் எங்கள் தலைவர் ஏதோ பயிற்சிக்குப் போய் வந்து, "பயமில்லாத ஆபீஸ்தான் நல்ல ஆபீஸ்" என்று அறிவித்தார். அன்று முதல் ஒவ்வொருவரும் போன வாரத் தப்பைச் சொல்வதும் மற்றவர்கள் கைதட்டுவதும் வழக்கமாகிவிட்டது.

முதல் வாரம் ஓர் அப்பாவி நிஜமான தப்பைச் சொன்னார். கைதட்டினோம். வருஷக் கடைசி மதிப்பீட்டில் அதே தப்பு அவர் பெயருக்கு நேரே கொட்டை எழுத்தில் வந்து நின்றது. அதன் பிறகு எல்லோரும் உஷாராகிவிட்டோம். மெயிலில் ஃபைலை இணைக்க மறந்தது, பிரிண்டரில் பேப்பர் வைக்காதது என்று பல் பிடுங்கிய தப்புகள் மட்டுமே கூட்டத்துக்கு வரும். அதுவும் அமையாதவர்களுக்காக எங்கள் மூத்த வரைவாளர் கையிருப்பு வைத்திருப்பார். அதனால் அவருக்குக் கிடங்கு என்று பெயர்.

"இந்த வாரம் தப்பு ஒண்ணும் சிக்கலைண்ணே. ஏதாவது இருக்கா?"

"மீட்டிங்குக்கு அஞ்சு நிமிஷம் லேட், இருக்கு. போன மாசத்துல இருந்து யாரும் எடுக்கல. வச்சுக்கோ."

தலைவர் மட்டும் தம் முறை வந்ததும், "எனக்கு ஒண்ணும் தோணலையே" என்று சிரிப்பார். வெட்கமே இல்லாமல் அதற்கும் கைதட்டுவோம்.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் என்னைப் பங்குதாரராகச் சேர்ப்பதா வேண்டாமா என்று தலைவர் சொல்வதாக இருந்தது. பதினாலு வருஷ உழைப்பு. "இன்னைக்கு ஒரு நாள் யார் என்ன சொன்னாலும் தலையாட்டிட்டு வந்துடு" என்று சொல்லித்தான் வீட்டுக்காரர் வழியனுப்பினார். இருப்புக் கொள்ளாமல் எட்டு மணிக்கே போய், நான் போட்ட பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தின் டிராயிங்கைப் பெருமையாகப் பிரித்துப் பார்த்தேன்.

கூரைக்கு மேல் தண்ணீர்த் தொட்டி ஒன்றைக் கடைசி நேரத்தில் சேர்த்திருந்தார்கள். நான் தொட்டி இல்லாத பழைய படத்தை வைத்துக் கணக்குப் போட்டிருந்தேன். ஆறு கம்பி வேண்டிய பீமில் நாலுதான் இருந்தது. உடனே கட்டுமான இடத்துக்குப் போன் போட்டேன்.

"இன்னைக்கு கான்கிரீட் போடாதீங்க."

"என்ன காரணம்னு எழுதிக்கட்டும் மேடம்?"

"பத்து மணிக்குச் சொல்றேன்."

டிராயிங்கின் மூலையில் 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் தலைவரின் கையெழுத்து வால் நீட்டிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தால் அவரும் மாட்டுவார். என் பங்குதாரர் பதவியோ அவர் கையில்.

அதற்குள் வந்துவிட்ட கிடங்கு டிராயிங்கை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மழைன்னு எழுதச் சொல்லிடும்மா. சாயந்திரத்துக்குள்ள நானே மாத்தித் தரேன். ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது."

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்குப் பயமாக இருந்தது. அதைவிட, இத்தனை வருஷம் உழைத்த இடத்தில் இல்லாத மழைக்குப் பின்னால் ஒளிய வேண்டியிருக்கிறதே என்று கோபம் வந்தது.

கூட்டத்தில் என் முறை வந்தது. பக்கத்தில் இருந்த கிடங்கு, "அஞ்சு நிமிஷம் லேட்" என்று முணுமுணுத்தார். நான் டிராயிங்கை மேசையில் விரித்து நாலு கம்பிக் கதையைச் சொன்னேன். என் தப்பை மட்டும்தான் சொன்னேன்.

யாரும் கைதட்டவில்லை. தலைவர் குனிந்து பீமைப் பார்த்தார். பார்வை மெல்ல மூலைக் கட்டத்துக்கு வந்து அங்கேயே நின்றது. 'அடுத்தவர்' என்று சொல்லிக் கடந்துபோயிருக்கலாம்.

"நான் இதைப் பிரிக்கவே இல்ல. நீங்க போட்டதுன்னா சரியாத்தான் இருக்கும்னு கையெழுத்துப் போட்டேன்" என்றார்.

"இது ஒண்ணுதானா சார்?" கிடங்குக்கு வாய் சும்மா இருக்காது.

தலைவரின் காது சிவந்தது. "இந்த வருஷம் எல்லாமே."

அதற்கு மேல் கூட்டம் ஏது? அலமாரிகளைத் திறந்து டிராயிங்குகளை அள்ளினோம். வரவேற்பில் உட்காரும் பெண்கூடச் சுருள்களைத் தூக்கி வந்தாள். கட்டுமான இடத்துக்குப் போன் போட்டு நிஜக் காரணத்தையே எழுதிக்கொள்ளச் சொன்னேன். பன்னிரண்டு மணிக்குத் தலைவர் தம் அறைக்குக் கூப்பிட்டபோது, வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

அவர் இழுப்பறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். "உங்க பங்குதாரர் லெட்டர். வெள்ளிக்கிழமையே கையெழுத்துப் போட்டுட்டேன்."

கை நீட்டியவள் சும்மா வாங்கியிருக்கலாம். "படிச்சுப் பாத்துட்டுத்தானே போட்டீங்க சார்?"

அவர் கடிதத்தைத் தம் பக்கம் இழுத்து, கண்ணாடியை மாட்டி, வரிக்கு வரி விரல் வைத்து உரக்கப் படித்தார். மூன்றாவது வரியில் விரல் நின்றது.

"'இவருடைய பதினோரு வருஷ உழைப்பு'ன்னு இருக்கு. போன தடவை வேற ஒருத்தருக்கு அடிச்ச லெட்டர். நீங்க எத்தனை வருஷம்?"

"பதினாலு சார்."

பேனாவை எடுத்துப் பதினொன்றை அடித்துப் பதினாலு என்று எழுதினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மீதியையும் கடைசி வரி வரை படித்து முடித்துவிட்டுத்தான் கடிதத்தை என் கையில் கொடுத்தார்.

"அடுத்த திங்கட்கிழமைக்கு எனக்கு ஒண்ணு கிடைச்சாச்சு" என்றார்.