பிளாக்கியின் இடது காது

மூன்றாவது கரண்டிப் பாலும் அப்பாவின் கடைவாயில் வழிந்தது. நளினி துண்டால் துடைத்தாள். நேற்றிலிருந்தே உயிர் இழுத்துக்கொண்டிருந்தது. மகன் கையால் கொடுத்தாயிற்று, மகள் கையால் கொடுத்தாயிற்று, அவர் வேலை பார்த்த ரப்பர் பால்மரத் தோட்டத்து மண்ணைக் கரைத்தும் ஊற்றியாயிற்று. எதுவும் உள்ளே இறங்கவில்லை.

"எதையோ நெனச்சுக்கிட்டு கெடக்கான்," என்றாள் அப்பாவின் அக்கா மருதம்மாள். "அந்த நாயைத்தான் லா. லோகா, போய்க் கூட்டிட்டு வா."

நளினி துண்டை முறுக்கிப் பிழிந்தாள். கூலிம் டவுன் ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு, இந்த லூனாஸ் வீட்டில் அப்பாவுக்கு மலமும் மூத்திரமும் அள்ளியவள் அவள். கண் போனபின் சோறு ஊட்டியவளும் அவள்தான். ஒருநாள் தலையைத் தடவியிருப்பாரா? பிளாக்கியை மட்டும் மடியில் போட்டு அதன் இடது காதைத் தடவிக்கொண்டே இருப்பார். செம்பனைக் காட்டில் பன்றி கடித்துப் பிய்த்த காது. அந்தப் பிளவில் கட்டை விரலை வைத்தால்தான் அவருக்குத் தூக்கமே வரும். அம்மா செத்தபோது காரியம் முடிந்ததும் வேலைக்குப் போனவர், பிளாக்கி செத்தபோது சோற்றைத் தொடவில்லை.

அதைப் பார்த்துத்தான் அண்ணன் லோகன் செத்த நாயின் தோலில் கொஞ்சம் எடுத்து, அதிலிருந்து அதே மாதிரி நாயை உருவாக்கித் தரும் வெளிநாட்டு லேபுக்கு அனுப்பினான். அதே கறுப்பு, அதே நெற்றி வெள்ளையோடு இன்னொன்று பிறந்து வந்து சேர்வதற்குள் அப்பா படுக்கையில் விழுந்துவிட்டார். சீக்காளி வீட்டில் குட்டி வேண்டாமென்று கூலிமில் அவனே வளர்த்தான்.

"பிளாக்கின்னு கூப்பிடாதண்ணே," என்று அப்போதே நளினி சொன்னாள். "செத்தது செத்ததுதான். இது வேற உசுரு. அதுக்குன்னு ஒரு பேரு வை."

"உனக்குப் பொறாமை."

"ஆமா, பொறாமைதான். அம்மாவுக்கு யாரு தோல் எடுத்து வெச்சீங்க?"

லோகன் நாயோடு வந்தான். அது வாலை ஒடுக்கிக்கொண்டு, மருந்து வாடைக்கு முகத்தைத் திருப்பியது. முன்பின் தெரியாத கிழவரிடம் அதற்கென்ன வேலை? பாவமாகத்தான் இருந்தது. லோகன் அதைக் கட்டிலில் ஏற்றிப் பிடித்துக்கொண்டான்.

"அப்பா, பிளாக்கி வந்திருக்கான்."

அப்பாவின் கை அசைந்தது. ரோமத்துக்குள் ஊர்ந்து இடது காதுக்கு வந்தது. கட்டை விரல் காதோரத்தில் மேலும் கீழும் தேடியது. பிளவு இல்லை. மறுபடியும் தேடியது. நெற்றி சுருங்கியது.

தெரியட்டும் என்று நினைத்தாள் நளினி. அவள் சும்மா இருந்தாலே போதும்.

அப்பாவின் உதடு அழப்போகும் குழந்தையின் உதடுபோல் கோணியது.

அவள் குனிந்தாள். காதோரத்தை இரண்டு விரலால் உள்ளே மடித்துப் பிடித்தாள். அப்பாவின் கட்டை விரல் அந்த இடைவெளிக்கு வந்து நின்றது. அங்கே காது இல்லை, அவளுடைய ஆள்காட்டி விரல்தான் இருந்தது. அப்பா அதைத் தடவினார்.

"வந்துட்டியாடா."

அத்தை அவசரமாகப் பாலை ஊற்றினாள். இறங்கியது. தடவிக்கொண்டே இருந்த விரல் நின்றது.

"பாத்தியா, கண்டுபிடிச்சிட்டாரு," லோகன் தேம்பினான். "ரெண்டும் ஒண்ணுதான், பாத்தியா."

நளினி மடித்த காதை விட்டாள்.

அத்தை ஒப்பாரி வைக்கத் தொடங்கியதும் நாய் மிரண்டு கீழே குதித்தது. நளினியின் காலடியில் ஒண்டிக்கொண்டு அவள் கையை நக்க வந்தது. அவள் மற்றக் கையை நீட்டினாள். அப்பா தடவிய விரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள்.