பன்னிரண்டு அடிக் கம்பு

மாலை வகுப்பில் எங்களுக்குக் கொடுத்த வேலை இதுதான்: கடலோர வீடுகளுக்குப் பின்னால் நட்ட வெள்ளைக் கம்பிலிருந்து கரை இடிந்து நிற்கும் விளிம்பு வரை வாரந்தோறும் அளந்து எழுத வேண்டும். தூரம் குறையும் வீட்டுக்காரர்களுக்கு மழைக்கு முன் அரசு வேறு இடம் தரும். அக்கா வீட்டுக் கம்பு என் பொறுப்பு.

எட்டு வாரமும் பன்னிரண்டு அடி. பக்கத்து வீடுகளில் குறைந்துகொண்டே வர, இங்கே மட்டும் குறையாதது எனக்கே நம்பிக்கையாக இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் மூன்று முறை அளந்தேன். டேப்பில் கோளாறோ என்று, வேலை பார்க்கும் ஹார்டுவேர் கடையிலிருந்து புதிது கொண்டுபோனேன். அதுவும் பன்னிரண்டுதான் காட்டியது.

"வாங்க எஞ்சினியரம்மா! கடல் இருக்கா, ஓடிடுச்சா?" என்பார் அத்தான்.

"அப்படியேதான் இருக்கு அத்தான்."

"உங்க அக்கா குரலைக் கேட்டா எந்தக் கடல் கிட்ட வரும்?"

உள்ளிருந்து அக்கா கரண்டியை ஆட்டுவாள்.

வெள்ளிக்கிழமை, வேறு இடம் கிடைக்கும் வீடுகளின் பட்டியல் ஒட்டினார்கள். பக்கத்து மூன்று வீடுகளும் இருந்தன. அக்கா வீடு இல்லை.

இன்று போனபோது கம்பு துவைகல்லை ஒட்டி நின்றது. முதல் வாரம் துவைகல், கோழிக்கூடு எல்லாம் தாண்டி நடந்துதான் அதைத் தொட்டேன். அப்போது அதைச் சுற்றி அடும்புக்கொடி படர்ந்திருந்தது. மணலைப் பிடித்துவைப்பதே அந்தக் கொடிதான் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். இப்போது கொடியும் இல்லை, மணலும் இல்லை. கோழிக்கூட்டை வாசலுக்கு மாற்றியதாக அக்கா சொன்னபோதுகூட நான் ஏன் என்று கேட்கவில்லை.

"அத்தான், கம்பை யாரு நகர்த்தினா?"

"நான்தான். ஆட்டம் கண்டா பிடுங்கி உள்ளே தள்ளி நடுவேன். இல்லேன்னா எப்பவோ கடலுக்குப் போயிருக்கும்." பெருமையாகச் சிரித்தார். "உன் நோட்டு கெட்டுடக் கூடாதேன்னு பன்னண்டு அடி அளந்துதான் நட்டேன்."

டேப்பை, கணக்கை, என் கண்ணை, எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். கம்பை மட்டும் விட்டுவிட்டேன்.

ஆசிரியர் வீட்டுக்கு ஓடினேன். "பட்டியல் மேல போயிடுச்சும்மா. உன் நோட்டைப் பார்த்துத்தான் உங்க அக்கா வீட்டைச் சேர்க்காம விட்டாங்க. இனி மழைக்கு அப்புறம்தான்."

திரும்பி வந்து அடுப்படிச் சுவரிலிருந்து விளிம்பு வரை அளந்தேன். பதினான்கு அடி. அக்கா டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தாள்.

"நம்ம பக்கம் பயமில்லைன்னு நீதானேடி சொன்னே?"

நான் டேப்பைச் சுருட்டினேன். அத்தான் துவைகல் பக்கம் போய்க் கம்பைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்.

"சரி, இப்போ எங்கேன்னு சொல்லு. அங்கே நடறேன்."