எண் இறங்கியது

மகளுக்கு ஒரே ஒரு விடுப்புதான். வெளிநாட்டில், கப்பல் கட்டும் தளத்தில் வேலை; இப்போது எடுத்துவிட்டால் அடுத்த வருடம்வரை கேட்க முடியாது. இங்கே அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய், கல்லீரல்வரை பரவிவிட்டது. வீட்டில் ஒரே கேள்விதான் மிச்சம்: அவளை எப்போது வரச்சொல்வது?

தீர்மானிக்கும் பொறுப்பை மகளின் அம்மா தன் தம்பியின் தலையில் கட்டினாள். அவன் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவன்.

"உடம்புல அழற்சி ஏற ஏற நாள் குறையும்க்கா," என்றான். "வெள்ளை அணுல நியூட்ரோஃபில்னு ஒரு வகை ஏறி, லிம்ஃபோசைட்னு இன்னொரு வகை இறங்கினா நல்லதில்ல. இதைவிட அது எத்தனை மடங்குன்னு பார்ப்போம். ஏறிச்சுன்னா உடனே கூப்பிட்டுடு."

ஏறியது. ஒன்பது மடங்கு. கூடவே குளிர் காய்ச்சல், கண்ணில் மஞ்சள். அக்கா அழுதபடியே போன் போட்டாள். மகள் வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் எடுத்தாள்.

பித்தம் வடியப் பித்தக்குழாயில் வைத்திருந்த ஸ்டென்ட் என்ற சிறு குழாய் அடைத்துச் சீழ் பிடித்திருந்தது. மருத்துவமனையில் அதை மாற்றி மருந்து ஏற்றினார்கள். காய்ச்சல் விட்டது. மறுபடி ரத்தம் எடுத்தார்கள். மூன்று மடங்கு.

"கிருமி அடங்கியிருக்கு, அவ்வளவுதான். கட்டி அப்படியேதான் இருக்கு," என்றார் டாக்டர்.

அதில் 'அடங்கியிருக்கு' மட்டும்தான் அக்கா, தம்பி இருவர் காதிலும் ஏறியது. மிச்சம், பரிசோதனைக் கூடத்தில் இருக்கிற அவனுக்கும் ஏறவில்லை.

"டிக்கெட்டை கேன்சல் பண்ணச் சொல்லுக்கா. இருக்கற ஒரு லீவை எதுக்கு வீணாக்கணும்? மறுபடி ஏறினா வரட்டும்."

அத்தான் கட்டிலில் சாய்ந்திருந்தார். மகள் வருகிறாள் என்று முகம் மழித்திருந்தார். ஒட்டிய கன்னத்தில் இரண்டு இடத்தில் கீறல்.

"அப்போ அவ வரணும்னா எனக்கு நம்பர் ஏறணுமா மச்சான்?"

"சும்மா இருங்க அத்தான். நூறு வருஷம் இருப்பீங்க."

"நூறெல்லாம் எதுக்குடா? வெள்ளிக்கிழமைவரை போதும்."

அக்காவும் தம்பியும் சிரித்தார்கள். எப்போதும் இப்படித்தான் பேசுவார் என்று நினைத்துக்கொண்டார்கள். மகள் டிக்கெட்டை ரத்து செய்தாள்.

அடுத்த வாரம் குளியலறையிலிருந்து வந்தவர் கதவைப் பிடித்தபடி மூச்சுக்குத் திணறினார். ஆம்புலன்ஸ் தெருவுக்குள் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. நுரையீரலில் ரத்தக்கட்டி, இந்த நோயில் அடிக்கடி வருவதுதான். முந்தைய நாள் எடுத்த ரத்தத்திலும் மூன்று மடங்குதான்.

எண் பொய் சொல்லவில்லை. நூறு பேரை நிறுத்தினால் யார் முன்னே, யார் பின்னே என்று ஓரளவு சொல்லும். ஒரு மனிதர் எந்த வாரம் போவார் என்று அது சொன்னதே இல்லை. இவர்கள்தான் அதைக் கேட்டார்கள்.

மகள் வந்தாள். அந்த ஒரே விடுப்பில் அப்பாவைப் புதைத்தாள்.

"மாமா, அப்பா என்னைக் கேட்டாரா?"

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் துடைத்த மேசையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டார்."

"அப்புறம் ஏன் வேணாம்னீங்க?"

"நம்பர் நல்லா இருந்துச்சும்மா."

அவள் பெட்டியைத் திறந்து இரண்டு சட்டைகளை வெளியே எடுத்தாள்.

"இளைச்சுட்டார்னு அம்மா சொன்னதால சின்ன சைஸா வாங்கினேன். உங்களுக்குப் பத்தாது மாமா."

மறுபடி மடித்து உள்ளே வைத்தாள்.