தண்ணீர்கூட வேண்டாம்

"ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கல, பாத்துக்கிடுங்க. எச்சிலைக்கூட யோசிச்சு யோசிச்சுத்தான் முழுங்கினேன்," என்று கருணாகரன் பெருமையாகச் சொன்னார்.

ஸ்கேன் மையத்தின் நிர்வாகி அனுப்ரியா அவருடைய சீட்டை மறுபடி பார்த்தாள். வயிற்று ஸ்கேன். அவர் ஒரு பெரிய பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு வர வேண்டியவர். போன வாரமும் இப்படித்தான் காய்ந்த உதட்டோடு வந்து, ஸ்கேன் எடுக்க முடியாமல் திரும்பிப் போனார்.

வயிற்று ஸ்கேன் என்பது ஒலியை உள்ளே அனுப்பி, அது திரும்பி வருவதைப் படமாக்கும் வேலை. காற்று இருக்கும் இடத்தில் ஒலி சிதறிவிடும். தண்ணீர் இருக்கும் இடத்தில் தடையில்லாமல் போகும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அது குடலை ஓரம் தள்ளிவிட்டு, அடிவயிற்றுக்கு ஒரு ஜன்னல் திறந்ததுபோல ஆகிவிடும். கருணாகரனுக்குப் பார்க்க வேண்டியது அந்த ஜன்னலுக்குப் பின்னால் இருக்கும் புரோஸ்டேட் சுரப்பியை. ஜன்னலைச் சாத்திக்கொண்டு வந்தவரை என்ன செய்வது? தண்ணீர் கொடுத்து உட்கார வைக்கலாம். ஆனால் பை நிறைவதற்குள் ஸ்கேன் எடுக்கும் டாக்டர் ஜோயா அடையாறு கிளைக்குக் கிளம்பிவிடுவார். கருணாகரனும் இங்கே தி. நகரிலேயே இருக்கும் தன் பாத்திரக்கடையைத் திறக்க வேண்டும்.

"தண்ணி குடிச்சிட்டு வரச் சொல்லி நேத்து போன் வந்துச்சே சார்?"

"வந்துச்சு. ஆனா காலையில டாக்டரே எழுதி அனுப்பியிருக்காரே!" என்று செல்போனை நீட்டினார். வாட்ஸ்அப்பில், மையத்தின் பெரிய டாக்டர் பெயரோடு ஒரு செய்தி இருந்தது. 'வெறும் வயிற்றுடன் வரவும். தண்ணீர்கூட வேண்டாம். – டாக்டர் வேதாந்தம்.'

அனுப்ரியா கணினிப் பக்கம் திரும்பினாள். மயிலாப்பூர், தி. நகர், அடையாறு என்று மூன்று கிளைகளுக்கும் பொதுவான பணித்தளம் அது. முன்பெல்லாம் எந்த ஸ்கேனுக்கு எப்படி வர வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் லீவு போட்டால் அவரோடு சேர்ந்து விவரமும் லீவில் போய்விடும். அதற்காகத்தான் போன வருடம் அவள் மன்றாடி இதைக் கொண்டுவந்தாள். ஒரு ஸ்கேனுக்கு ஒரு பக்கம். ஊழியர்கள் அதைப் பார்த்துப் பேசுவார்கள். நோயாளிக்குப் போகும் செய்தியையும் அதே பக்கத்திலிருந்துதான் தளம் தானாக எடுத்து அனுப்பும். ஒரே ஊற்று, இரண்டு குழாய்.

வயிற்று ஸ்கேன் பக்கத்தைத் திறந்தாள். பழைய வரியின் மேல் கோடு கிழித்து, அதன் கீழே பச்சை எழுத்தில், 'ஆறு மணி நேரம் சாப்பிட வேண்டாம். ஆனால் நிறையத் தண்ணீர் குடித்து, சிறுநீர் கழிக்காமல் வரவும்' என்று இருந்தது. சரியாகத்தான் இருந்தது. இதைப் பார்த்து அனுப்பிய செய்தி எப்படித் தப்பாகும்?

"இன்னா மேடம், என்னைப் பாக்குறீங்க?" என்றான் வரவேற்பில் இருந்த அக்பர் பாஷா. "நான் இத பாத்துக்கினுதான் நேத்து போன்ல சொன்னேன். நல்லா தண்ணி குடிச்சிக்கினு வா நைனான்னு. எதிர்லதான் கீது, பச்சையா!"

"நைனான்னா சொன்னே?"

"மரியாதையாத்தான் மேடம் சொன்னேன்."

அனுப்ரியா கருணாகரனிடம் திரும்பினாள். "சார், அந்த மெசேஜை விடுங்க. வியாழக்கிழமை காலையில வாங்க. நான் சொல்றேன், தண்ணி குடிச்சிட்டு வாங்க."

"ஏம்மா, வாயால ஒருத்தர் சொல்லுதீங்க, எழுத்துல டாக்டர் பேர் போட்டு வேற வருது. நான் எதை நம்ப? வெள்ளிக்கிழமை சர்ஜன்கிட்ட ரிப்போர்ட்டைக் காட்டணும். அதுக்கப்புறம் அவரு ஒரு மாசம் வெளிநாடு. அதுவரைக்கும் ராத்திரி எல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்துக்கிட்டிருக்க என்னால ஆகாது. டாக்டர் பேருல மாத்தி எழுதி அனுப்பச் சொல்லுங்க, குடம் குடமா குடிச்சிட்டு வாறேன். இல்லைன்னா வேற இடம் பாத்துக்கிடுதேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. டாக்டர் பெயருக்கு மதிப்பு வரட்டும் என்று அந்தக் கையெழுத்தைச் செய்தியில் சேர்த்ததே அனுப்ரியாதான்.

அவர் போன பிறகு அவள் ஒவ்வொன்றாகச் சோதித்தாள். குழாயில்தான் அடைப்போ? தான் எழுதிய கழுத்து ஸ்கேன் பக்கத்தில் 'சங்கிலியைக் கழற்றிவிட்டு வரவும்' என்று ஒரு வரி சேர்த்து, தன் எண்ணுக்கே அனுப்பிப் பார்த்தாள். சங்கிலி உடனே வந்து சேர்ந்தது. அதே மாதிரி வயிற்று ஸ்கேனை அனுப்பினாள். 'தண்ணீர்கூட வேண்டாம்' என்று வந்தது. ஒரே தளம், ஒரே குழாய். ஒரு பக்கத்துக்கு ஓடுகிறது, இன்னொன்றுக்கு ஓடவில்லை. வயிற்று ஸ்கேனுக்கு இரண்டாவது பக்கம் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடினாள். இல்லை. தளத்தை விற்ற நிறுவனத்துக்குப் போன் போட்டாள். எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது, கணினியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள் என்றார்கள். அணைத்துப் போட்டாள். அக்பர் பாஷா பாதி அடித்திருந்த பில் போயிற்று.

கிளம்பிக்கொண்டிருந்த ஜோயாவிடம் கேட்டாள்.

"அது நான் மாத்தினதுதான், அனு. பெரிய டாக்டர் அந்த வரியை எழுதினப்ப இங்க பித்தப்பை ஸ்கேன்தான் அதிகம். இப்ப முழு வயிறும் பாக்கறோம் இல்லையா? மாத்திட்டு அவர்கிட்ட காமிச்சேன். அவரும் சரின்னுட்டார். ரெண்டு வாரம் ஆச்சே!"

அப்படியென்றால் ஜோயா மாற்றியாயிற்று, பெரியவர் பார்த்தாயிற்று, ஊழியர்கள் படித்தாயிற்று. கணினி மட்டும் ஏன் பழசையே பிடித்துக்கொண்டு தொங்குகிறது?

மயிலாப்பூர் கிளைக்குப் போக அனுப்ரியா பனகல் பூங்கா அருகில் பஸ் ஏறினாள். ஓடுகிற பஸ்ஸில் எதையாவது படித்தால் அவளுக்குக் குமட்டும். ஆனாலும் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு இருக்க முடியவில்லை. இயர்போனை மாட்டிக்கொண்டு, செல்போனில் 'வாசித்துக் காட்டு' என்பதை அழுத்தினாள். ஏற்ற இறக்கம் இல்லாத ஒரு பெண்குரல் நிதானமாக வாசித்தது.

"வெறும் வயிற்றுடன் வரவும். தண்ணீர்கூட வேண்டாம்."

அனுப்ரியா திடுக்கிட்டுத் திரையைப் பார்த்தாள். கோடு கிழித்த வரி, பச்சை வரி. அப்படியே இருந்தன. மறுபடி வாசிக்க வைத்தாள். கோடு கிழித்த வரியைத்தான் குரல் வாசித்தது. பச்சை வரியை வாயில் எடுக்கவே இல்லை.

ஆக, கண்ணுக்குத் தெரிவது ஒன்று, கணினிக்குத் தெரிவது வேறொன்று. அப்படி எப்படி இருக்கும்? தன்னுடைய கழுத்து ஸ்கேன் பக்கத்தை நினைத்துப் பார்த்தாள். அதில் சங்கிலி வரி கறுப்பாகத்தான் விழுந்தது. பச்சை இல்லை, கோடு இல்லை. பச்சை வருவது டாக்டர் வேதாந்தம் எழுதிய பக்கங்களில் மட்டும்தான்.

பஸ் ராயப்பேட்டை நெரிசலில் நின்றபோது அவளுக்கு நினைவு வந்தது. செய்தது அவளேதான்!

பணித்தளம் தொடங்கிய புதிதில், பெரிய டாக்டர் எழுதியதை ஆளாளுக்கு அழித்துவிட்டால் மரியாதையாக இருக்குமா என்று அவள் பயந்தாள். தளத்தில் அதற்கு ஒரு வழி இருந்தது. அவர் பக்கங்களில் வேறு யார் எதைத் தொட்டாலும் அது திருத்தமாகாது, பரிந்துரையாக நிற்கும். பழைய வரியின் மேல் கோடும், புது வரி பச்சையிலும் தெரியும். அவர் தன் கணக்கில் வரும் 'ஏற்கிறேன்' பொத்தானை அழுத்தினால்தான் பழையது போய்ப் புதியது உள்ளே வரும். அதுவரை செய்தி அனுப்புவதும் வாசித்துக் காட்டுவதும் பழைய வரியைத்தான் எடுத்துக்கொள்ளும். பந்தியில் உட்கார்ந்தவர் சாம்பாரைப் பார்த்துவிட்டார், வாசனைகூட வந்துவிட்டது. ஆனால் அது இன்னும் பரிமாறுகிறவர் வாளியில்தான் இருக்கிறது, இலையில் விழவில்லை.

டாக்டரிடம் போய், உங்கள் வரியை நீக்கச் சொல்லி ஒரு பொத்தானை அழுத்துங்கள் என்று யார் சொல்வார்கள்? யாரும் சொல்லவில்லை. கோடு தெரிந்ததால் சொல்ல வேண்டும் என்றும் யாருக்கும் தோன்றவில்லை.

மயிலாப்பூர் கிளையில் வேதாந்தம் தன் அறையில் இருந்தார். அனுப்ரியா கணினியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"டாக்டர், அந்தத் தண்ணி வரி இன்னும் மாறலை."

"மாறலையா? ஜோயா அன்னிக்கே கொண்டுண்டு வந்து காமிச்சாளே. நன்னா இருக்குன்னு தலையாட்டினேனே!"

"நீங்க தலையாட்டினது எங்களுக்குத் தெரியும் டாக்டர். கம்ப்யூட்டருக்குத் தெரியாது."

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். "இதை நேரா வந்து சொல்றதுக்கு என்ன? கடிச்சுடுவேனா? ஆத்துல காமாக்ஷி நான் சொல்றதையெல்லாம் வெட்டிண்டேதான் இருக்கா. ஒரு தடவையாவது பொத்தானை அழுத்தச் சொல்லிக் கேட்டிருப்பாளா?"

மனைவியின் பெயரை எடுத்தாரென்றால் கோபம் இல்லை என்று பொருள். அனுப்ரியாவுக்கு மூச்சு வந்தது. அவர் பொத்தானை அழுத்தினார். கோடு போன இடம் தெரியவில்லை, பச்சை கறுப்பாயிற்று. மற்றப் பக்கங்களையும் புரட்டினார்.

"இதென்னம்மா, தோட்டமா? பாக்கற இடமெல்லாம் பச்சையா இருக்கு."

தன் வாக்கியங்களின் மேல் கிழித்திருந்த கோடுகளை ஒவ்வொன்றாகப் படித்து, ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் கை நின்றது.

"பித்தப்பை ஸ்கேனுக்கு மோர் குடிச்சிட்டு வரலாமாம்! யாரு எழுதினது இது?"

பச்சை வரியின் ஓரத்தில் அக்பர் பாஷாவின் பெயர் இருந்தது.

"வெயில்ல வர்றவா மேல பரிதாபம் போலிருக்கு," என்று அதை நீக்கினார். "மோர் குடிச்சா பித்தப்பை சுருங்கிடும். அப்புறம் ஜோயா எதைப் பாப்பா? அதனால இந்தப் பூட்டை எடுத்துடாதே. பூட்டு தேவைதான். சாவி எங்கிட்ட இருக்குன்னு சொல்லத்தான் ஆள் வேணும்."

அனுப்ரியா தன் எண்ணுக்கு ஒரு செய்தி அனுப்பிப் பார்த்தாள். 'நிறையத் தண்ணீர் குடித்து' என்று டாக்டர் பெயரோடு வந்தது. பிறகுதான் கருணாகரனுக்கு அனுப்பினாள்.

வியாழக்கிழமை காலையில் அவர் உட்காரவே இல்லை. கால் மாற்றிக் கால் வைத்து நின்றுகொண்டிருந்தார்.

"சீக்கிரம் கூப்பிடுங்கம்மா. டாக்டர் எழுதினபடியே குடிச்சுட்டேன். இதுக்கு மேல என்னைக் கேக்கப்பிடாது!"

"நைனா, அந்தாண்ட இந்தாண்ட நடக்காத, அப்டியே நில்லு," என்றான் அக்பர் பாஷா.

ஜோயா கதவைத் திறந்து அவரை உள்ளே அழைத்தார். கொஞ்ச நேரத்தில், "தெளிவா தெரியுது, அனு," என்று உள்ளிருந்து குரல் வந்தது. வெள்ளிக்கிழமைக்கு ரிப்போர்ட் தயாராகிவிடும்.

அனுப்ரியா மூன்று கிளைகளுக்கும் அன்றே நடைமுறையைச் சொன்னாள். டாக்டர் பக்கத்தில் மாற்றம் எழுதுகிறவர், அன்றைக்கே அவரிடம் போய், ஏற்கவோ நீக்கவோ பொத்தானை அழுத்த வைக்க வேண்டும். பிறகு தன் எண்ணுக்கே ஒரு செய்தி அனுப்பிப் பார்க்க வேண்டும். புது வரி அதில் வந்தால்தான் மாறியதாகக் கணக்கு.