பூச்சியத்தில் நின்ற முள்

நஸ்ரியா சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். இடது கையில் ஃபோன். அதில் அவள் நேற்றுப் பொருத்திய மின்னணுச் சில்லின் விவரத்தாள். ஒரு வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். சைகையைப் பெருக்கும் மடங்கு, அதாவது பெருக்கம், ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் மட்டுமே நிலையாக இயங்கும். யா அல்லாஹ், இதை நேற்றல்லவா வாசித்திருக்க வேண்டும்!

நேற்றுத்தான் துறைமுகத்தடி ஐஸ் பெக்டரியின் அமோனியா அலாரத்தைத் திருத்திக் கொடுத்திருந்தாள். உள்ளே சைகையைப் பெருக்குகிற ஓபி-27 சில்லு பழுதாகி, அது சும்மா சும்மா கத்திக்கொண்டிருந்தது. கடையில் 27 இல்லை, 37 இருந்தது. எட்டுக் காலும் அதே ஒழுங்கு, வேகம் மட்டும் கூட. கூடினது நல்லதுதானே என்று நினைத்துவிட்டாள், மடைச்சி. லிங்கநகர் வீட்டு மேசையில் வைத்து, அமோனியாவில் நனைத்த துணியை அதன் முன்னால் நீட்டியபோது அவள் கண் எரிந்தது, அலாரத்தின் அளவு முள்ளும் அழகாக எழும்பியது. எழும்பாமல் என்ன செய்யும்? சோதனைக்காகப் பெருக்கத்தைப் பத்தில் வைத்திருந்தாள். பெக்டரியில் அது பெருக்கம் ஒன்றில்தான் ஓடும். பாரம் ஏற்றினால் ஒழுங்காக நடந்து, வெறும் வண்டியென்றால் துள்ளிக் குழப்புகிற மாடு அந்த 37. ஒன்றில் விட்டால் முள் காட்ட முடியாத வேகத்தில் தன்பாட்டில் அதிரும், உள்ளதை உள்ளபடி சொல்லாது.

அங்கே இயந்திர அறையில் நிற்பது அவள் புருசன் முனீப். அவனுக்குக் கோல் எடுத்தாள்.

"அலாரம் கத்தினதா?"

"ஒரு சத்தமும் இல்ல புள்ள. விடிஞ்சதுல இருந்து முள்ளு பூச்சியத்துலயே நிக்குது. கெட்டிக்காரிதான் நீ!"

அப்படியென்றால் அலாரம் திருந்தவில்லை, செத்துக் கிடக்கிறது.

"மணம் ஏதும் வருதா?"

"பன்னிரண்டு வருசம் நிண்ட மூக்குக்கு என்ன மணம் விளங்கும்?"

"வெளிய வாங்க. இப்பவே."

"ஏலாது. கரையில ஆறு மீன்பிடி போட்டு ஐஸுக்கு நிக்குது." இயந்திரச் சத்தம் மிச்சத்தை விழுங்கியது. பிறகு எத்தனை தரம் அடித்தும் அவன் எடுக்கவேயில்லை.

தன் பழைய அளவுக்கருவியிலிருந்து ஒரு 27-ஐப் பிடுங்கி நெருப்புப்பெட்டிக்குள் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் பறந்தாள். ஊருக்குள் திரியும் மான்களில் ரோட்டைக் கடக்க யோசித்து நின்ற ஒன்றுக்கும் ஏச்சு விழுந்தது.

வாசலில் மேற்பார்வையாளர் கிறிஸ்தோபர் மறித்தார். "இப்ப மெசினை நிப்பாட்ட ஏலாது தங்கச்சி. பின்னேரம் பாப்பம்."

"பிழை என்னுடையது அண்ணே. பிழையான சாமான் போட்டுட்டன். அலாரம் பொய் சொல்லுது. ஆக்களை வெளிய எடுங்க!"

"முள்ளு சரியாத்தானே நிக்குது?"

அவரைத் தள்ளிக்கொண்டு போய் இயந்திர அறைக் கதவைத் திறந்தாள். முனீப் திரும்பிப் பார்த்தான். முகத்தில் சிரிப்பு வந்தது, பிறகு குழப்பம்.

"என்ன புள்ள, ஏன் அழுறாய்?"

அவள் அழவில்லை. நேற்றுத் துணியை நீட்டியபோது போலவே கண் எரிந்து எரிந்து வழிந்தது. அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். அவனுடைய தோளுக்கு மேலால் தெரிந்தது அந்த முள், பூச்சியத்தில், அசையாமல்.