ஆள் பருமனைப் பார்த்துப் பிரித்த ரிப்போர்ட்

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் அவள் புருஷனுக்குப் பட்டப்பெயர் பீப்பாய். அவள் தம்பிக்குப் பிரம்பு. இருவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே வீடு. வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனியே எல்லோருக்கும் உடம்புச் சோதனை நடத்தும். ரிப்போர்ட்டில் பெயர் இருக்காது, ஊழியர் நம்பர் மட்டும்தான். ஒருத்தன் வியாதி இன்னொருத்தனுக்குத் தெரியக்கூடாதாம்.

தம்பி கொண்டுவந்து வைத்த இரண்டு கவர்களையும் அவள்தான் பிரித்தாள். ஒன்றில் எல்லாம் சரி. இன்னொன்றில் சிவப்பு எழுத்து: இதயத்தில் கோளாறு, உடனே டாக்டரைப் பார்க்கவும், படி ஏறக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. நம்பரை யார் பார்த்தார்கள்? ஒரு பக்கம் நூற்றுப்பத்து கிலோ, இன்னொரு பக்கம் ஒட்டடைக் குச்சி. சிவப்பு எழுத்து யாருக்கென்று ஜோசியமா பார்க்க வேண்டும்?

"உடம்பைக் குறைங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டீங்களா?" என்று ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் பண்ணலியே" என்றார் அவர்.

"ஒண்ணும் பண்ணாமதான் பாதிப்பேர் போய்ச் சேர்றாங்க!"

டாக்டரைப் பார்க்க மூன்றாம் நாள்தான் நேரம் கிடைத்தது. அதுவரை அவள் உயிர் அவளிடம் இல்லை. அவரைத் தண்ணீர் வாளிகூடத் தூக்க விடவில்லை. சோபாவில் அவர் கண் அசந்தால், ஓடிப்போய் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். "இன்னும் இருக்கேன், போ" என்றார் கண்ணைத் திறக்காமலே. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"மாமா லீவு போடட்டும்க்கா. அவர் வேலையையும் நானே பாத்துக்கறேன்" என்றான் தம்பி. தங்கமான பிள்ளை. இரண்டு நாளும் இரட்டை வேலை பார்த்துவிட்டு வந்து, இடது தோள் பிடித்துக்கொண்டது என்றான். அவளே தைலம் தேய்த்துவிட்டாள். "நீயாவது நோய் நொடி இல்லாம இருக்கியே, அது போதும்டா" என்று நெட்டி முறித்தாள்.

மூன்றாம் நாள் காலை, டாக்டர் புருஷனைப் படுக்கவைத்து நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார். வந்த தாளைப் பார்த்தார். கொண்டுபோன ரிப்போர்ட்டைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள்.

"உங்க கழுத்துல தொங்குற கார்டைக் காட்டுங்க" என்றார் கடைசியில். கார்டில் ஊழியர் நம்பர் நூற்று நாற்பத்திரண்டு. ரிப்போர்ட்டில் நூற்றுப் பதினெட்டு.

"இது உங்களோடது இல்லியே?"

"டாக்டர், இவர் உடம்பைப் பாருங்களேன்!" என்றாள் அவள்.

"உடம்பு பெரிசுதான். ஆனா இவர் இதயம் ஒழுங்கா வேலை செய்யுது. இந்த நூத்திப் பதினெட்டு யாரு? இப்ப எங்க இருக்காரு?"

அவள் கையில் இன்னும் தைல வாசனை இருந்தது. ஐயோ, இடது தோள்!

தம்பிக்குப் போன் அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் போனைக் கீழே கருவிப்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போவார்கள். "இன்னிக்கு ஒன்பது மாடிக் கட்டடம். மேல மெஷின் ரூமுக்குச் சாமான் போகணும். என் டியூட்டி அது" என்றார் புருஷன், சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் எழுந்து. லிஃப்டைச் சரிசெய்கிறவனுக்கு லிஃப்ட் கிடையாது. அத்தனை இரும்பையும் படி வழியாகத்தான் சுமக்க வேண்டும்.

"நடக்க விடாதீங்க, உக்கார வைங்க. ஆம்புலன்ஸை அனுப்புறேன்" என்று டாக்டர் கத்தியது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

இரண்டு தெரு தள்ளியிருந்த அந்தக் கட்டடத்துக்கு ஓடினார்கள். அவள் நாலாவது மாடியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். பீப்பாய் நிற்கவில்லை. தொப்பை குலுங்க, இரண்டிரண்டு படியாக ஏறிப் போனார். கடவுளே, என் புத்தியைச் செருப்பால் அடி, அவனை மட்டும் விட்டுவிடு என்று வேண்டிக்கொண்டே அவளும் பின்னால் ஏறினாள்.

எட்டாவது மாடித் திருப்பத்தில் தம்பி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மடியில் இரும்புச் சாமான். சட்டை தொப்பலாக நனைந்து, உதடு வெளுத்திருந்தது. புருஷன் சாமானை நகர்த்திவிட்டு, அவனைக் குழந்தையைப்போல் இரண்டு கையிலும் வாரித் தூக்கினார்.

தம்பிக்குப் பேச்சே இழுத்து இழுத்துத்தான் வந்தது. ஆனாலும் அக்காவைப் பார்த்துக் கோபித்துக்கொண்டான்.

"அறிவிருக்காக்கா உனக்கு? மாமாவைப் போய்... படி ஏற விட்டியே. அவருக்கு ஏதாவது ஆயிட்டா? இறக்கி விடுங்க மாமா... உங்க உடம்புக்கு ஆகாது."

"பேசாம வாடா மச்சான்" என்றார் அவர். அவர் கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது.

அவள் முன்னால் இறங்கி வழியிலிருந்தவர்களை விலக்கிக்கொண்டே போனாள். ஆறாவது மாடிவரை அவன் மாமாவைத் திட்டுவது கேட்டது. அதற்குப் பிறகு சத்தமில்லை. "டேய், பேசுடா! என்னைத் திட்டுடா!" என்று திரும்பிப் பார்க்கப் பயந்துகொண்டே கத்தினாள்.

"மூச்சு இருக்கு, நீ நிக்காம இறங்கு" என்றார் புருஷன்.

கீழே தம்பியைப் படியில் சாய்த்து உட்காரவைத்துவிட்டு, புருஷன் மூச்சிரைக்க நிமிர்ந்தபோது ஆம்புலன்ஸ் வந்து நின்றது. ஆட்கள் படுக்கையோடு ஓடி வந்து, வந்த வேகத்தில் புருஷனின் கையைப் பிடித்தார்கள்.

"சார், முதல்ல நீங்க படுங்க."