ஹோல்கரின் சுவரில் தூங்கும் தாதி

ராசமலருக்கு அந்தப் படத்தைக் கண்ணில் காட்டக்கூடாது. டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில், அவள் வேலை செய்த முதியோர் இல்லத்தில், ஏழாம் அறைக் கட்டிலுக்கு எதிரே அது தொங்கியது. நூற்றெண்பது வருடத்துக்கு முந்திய பிரெஞ்சுக் கேலிச்சித்திரம்; கல்லில் வரைந்து அச்சிட்டது. சாகக் கிடக்கும் கிழவர் தண்ணீருக்குக் கை நீட்டுகிறார். பக்கத்துக் கதிரையில் கூலிக்கு வந்த தாதி, மடியில் போத்தலோடு, வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறாள்.

அறைக்காரர் ஹோல்கர், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். வாய் பேசிய காலத்தில் அவரே விளக்கினார். அந்தக் காலத்துப் பாரிஸ் பணக்காரர்கள் தங்கள் வீட்டு நோயாளிகளை ஏழைப் பெண்களின் தலையில் கட்டிவிடுவார்களாம். பிறகு அதே பெண்களைப் பத்திரிகைக்காரன் கேலிப்படமாகக் கீறிப்போட, விழுந்து விழுந்து சிரிப்பார்களாம். "நீ யாரைப் பார்த்துச் சிரிப்பாய்?" என்றும் கேட்டார். ராசமலருக்குச் சிரிப்பு வரவில்லை. பதினெட்டு வருடமாக முதியவர்களைக் கழுவித் துடைக்கிறவளுக்கு எப்படி வரும்?

மார்கழியில் பக்கவாதம் அவர் பேச்சைப் பறித்தது. அன்றிலிருந்து, மகள் பிர்கித்தே வந்தால் போதும், அவர் விரல் எழும்பிப் படத்தைக் காட்டும். பிர்கித்தே ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து நிமிடம் வருவாள். போன ஞாயிறு கதவுக் கண்ணாடி வழியே பார்த்தபோது ராசமலர் கதிரையில் கண்மூடி இருந்தாள். அப்பா விரல் காட்டுவதையும் இதையும் முடிச்சுப் போட்டு, மறுநாளே முறைப்பாடு எழுதிவிட்டாள்.

இன்று விசாரணை. பொறுப்பாளர் கிருசாந்தி, டென்மார்க்கிலேயே பிறந்து வளர்ந்த பெண், அறை வாசலில் குரலைத் தாழ்த்தினாள்.

"அன்ரி, உண்மையைச் சொல்லுங்கோ. நித்திரை கொண்டனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. அவருக்கு நெஞ்சு இழுத்துக்கொண்டு கிடந்தது. பிள்ளையாரை நினைச்சுக் கண்ணை மூடினனான். அவ்வளவுதான்."

"அதை நான் எப்பிடி ரிப்போர்ட்டிலை எழுதுறது? அவ விடமாட்டா அன்ரி. வேலை போனாலும் போயிடும்."

ஐம்பத்தெட்டு வயதில் இனி ராசமலரை யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்?

இருவரும் உள்ளே போனார்கள். பிர்கித்தே கோட்டுப் பொத்தான்கூடக் கழற்றாமல், கையுறையோடு நின்றாள். ஹோல்கரின் விரல் எழும்பியது.

"பாருங்கள்! தூங்குகிறவளைத்தான் காட்டுகிறார்," என்றாள் டேனிஷில்.

ராசமலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போகிற வேலை போகட்டும் என்று படத்தை ஆணியிலிருந்து எடுத்து ஹோல்கரின் மடியில் வைத்தாள்.

"என்னையா காட்டுகிறீர்கள், ஹோல்கர்? தொட்டுக் காட்டுங்கள்."

அவர் விரல் கண்ணாடியில் இறங்கியது. தாதியின் தலைக்கு நேரே வந்தது. விரல் நிற்கவில்லை. தாதியைத் தாண்டி, போத்தலைத் தாண்டி, படத்தின் ஓரத்துக்குப் போனது. அங்கே, இத்தனை காலமும் அவள் கவனிக்காத ஒரு திறந்த கதவு. நாடகம் பார்க்கப் புறப்பட்ட சீமாட்டி ஒருத்தி, கையுறையை மாட்டியபடி வெளியே கால் வைக்கிறாள். அடியிலிருந்த பிரெஞ்சு வரி அவள் பேசுவது. பக்கத்தில் அதன் பொருளை ஹோல்கர் எப்போதோ பென்சிலால் டேனிஷில் பொடியாக எழுதி வைத்திருந்தார். கிருசாந்தி குனிந்து வாசித்தாள்.

"அப்பாவைப் பார்க்க ஆள் இருக்கிறது. நாம் போகலாம்."

விரல் அந்தச் சீமாட்டியை இரண்டு தரம் தட்டியது. பிறகு எழும்பி, மகளை நோக்கி நீண்டது.

ராசமலருக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். கிழவரின் கண்கள் கலங்கியதைக் கண்டதும் அது போன இடம் தெரியவில்லை. கிருசாந்தி முறைப்பாட்டுத் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தாள்.

பிர்கித்தே கையுறைகளை உருவினாள். கோட்டைக் கழற்றப் பார்த்தாள்; விரல்கள் பொத்தானில் வழுக்கின. ராசமலர் தன் கதிரையை அவள் பக்கம் தள்ளிவிட்டாள்.